இருபதடி ஏணியின் பின்முனை

போர் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு என் மாமனார் வானத்திலிருந்து ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் வந்து விழுந்தார். அப்போது அவர் எனக்கு மாமனார் இல்லை. இருபத்தாறு வயதுப் போர் விமானி, கல்யாணமாகி எட்டு மாதம். அடிபட்ட விமானம் அவர் இல்லாமலே இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு குட்டையில் விழுந்து அணைந்தது. இவர் பாராசூட்டில் இறங்கினார். இறங்கியதில் இடது கணுக்கால் உடைந்தது.

இந்தக் கதையை அவரிடம் கேட்டால் "விழுந்தேன், அப்புறம் வந்துட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்குவது கஷ்டம். மிச்சத்தை என் மாமியாரிடமிருந்தும், குடும்பத்தில் எல்லோரும் ரேடியோ மாமா என்று கூப்பிடுகிறவரிடமிருந்தும் பல வருடங்களாகச் சேர்த்தேன். ரேடியோ மாமா யார் என்பது போகப்போகத் தெரியும்.

தோட்டத்துக்காரம்மா மண்வெட்டியோடு வந்தார். வந்திருப்பது எதிரி நாட்டு ஆள் என்பது உடுப்பிலேயே தெரிந்தது. இரண்டு நாட்டுக்கும் பேச்சு ஒன்றுதான். அவர்கள் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், நாம் கொஞ்சம் விழுங்கிப் பேசுவோம். அதனால் சண்டை போட மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

"அங்கயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா இன்னும் நாலு செடி போயிரும்" என்றார் அந்த அம்மா.

நிற்கவே முடியாது என்று இவர் சொன்னார். அந்த அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். பிறகு மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முட்டைக்கோஸில் புழு விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது இவருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது. வந்த கான்ஸ்டபிளிடம் இருந்தது ஒரு சைக்கிள். கைதியைக் கேரியரில் உட்கார வைத்து, பாராசூட்டை ஹேண்டில்பாரில் சுற்றி, ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டே போனார்.

விசாரித்த ராணுவ அதிகாரிக்குப் பல்வலி. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இவர் பெயர், பதவி, எண் மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதிகாரிக்கும் வாயைத் திறக்க விருப்பமில்லை என்பதால் இரண்டு நாள் சுமுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், உங்கள் விமான தளத்தைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். எத்தனை விமானம், எத்தனை பேர், போன வாரம் கேன்டீனை மூடியது வரை அதில் இருந்தது. கேன்டீன் மூடியது எனக்குத் தெரியாது என்று இவர் சொன்னார். விசாரணை அதோடு முடிந்தது.

முகாம் ஒரு காலத்தில் பொத்தான் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். தரையின் விரிசல்களில் இன்னும் பொத்தான்கள் இருந்தன. நாற்பத்தொரு கைதிகள். காலையில் ரொட்டி, மதியம் உருளைக்கிழங்கு, மாலையில் ஒரு மணி நேரம் முற்றத்தைச் சுற்றி நடை. அந்த நடைதான் நாளுக்கே முதுகெலும்பு. முகாம் டாக்டர் அசலில் கண் டாக்டர். இவர் காலை நன்றாகப் பார்த்தார். பார்ப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டுப் போட்டதுதான் கோணலாகிவிட்டது.

ஒரு அறைக்கு நான்கு கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் சரக்கு விமானம் ஓட்டியவர். கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை பேசுவார். அணைக்கக் குமிழ் இல்லாத காரணத்தால் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். தப்பிக்கச் சுரங்கம் தோண்டும் யோசனை அவருடையது. கொதிகலன் அறைக்குள் இருந்து கரண்டியால் தோண்டினார்கள். நான்கு மாத உழைப்புக்குப் பின் சுரங்கம் முகாமின் கழிவுநீர்த் தொட்டியைச் சென்றடைந்தது. என் மாமனார் கால் சரியில்லை என்று ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொண்டார். அன்று அந்த அறையில் சோப்பு தேவைப்படாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

சண்டை மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. பேச்சுவார்த்தை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. எட்டாம் மாதம், கைதிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வெளிநாட்டுக் குழு ஒன்று வருவதாகச் செய்தி. உடனே முகாமுக்கு வெள்ளையடிக்க உத்தரவானது. பெயிண்டர்கள் ஆறு பேர் வந்தார்கள். தலைமைப் பெயிண்டருக்கு ஐம்பது வயதிருக்கும், காது மயிரில்கூடச் சுண்ணாம்பு. கைதிகள் உதவலாம் என்று அனுமதி கிடைத்தது. நொண்டுகிறவருக்கு என்ன வேலை கொடுப்பது? ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்பது நாள் பிடித்தார். மேலே இருந்தபடி பெயிண்டர் சுண்ணாம்பு குழைக்கும் பக்குவம், தன் மருமகளின் வாய்த்துடுக்கு, மழைக்காலத்தில் வெள்ளையடிக்கக் கூப்பிடும் மடையர்கள் என்று எல்லாம் சொல்லிக்கொண்டே அடிப்பார். இவர் கேட்டுக்கொண்டே பிடிப்பார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பெயிண்டரின் கையாளுக்குக் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. எட்டு மாதமாகக் காலும் வயிறும் பார்த்துச் சலித்திருந்த டாக்டருக்கு முதல்முறையாக ஒரு கண் கிடைத்தது. அவர் விட்டுவிடுவாரா? தானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நகர ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். முன்வாசல் காவலரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் நோட்டில் பெயிண்டர்கள் ஆறு பேர் உள்ளே என்றுதான் இருந்தது.

மதியம் வேலை முடிந்தது. மற்ற நான்கு பெயிண்டர்கள் வாளிகளோடு கிளம்பினார்கள். தலைமைப் பெயிண்டர் இருபதடி ஏணியைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் சாய்த்தார். கையாளின் சுண்ணாம்புச் சட்டையும் செய்தித்தாள் தொப்பியும் ஆணியில் தொங்கின. பெயிண்டர் அவற்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இந்த ஏணிய ஒருத்தனால தூக்க முடியாது" என்றார்.

என் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு பின்முனையைத் தோளில் வைத்தார். யோசித்தீர்களா என்று பிற்பாடு நான் கேட்டிருக்கிறேன். யோசித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன் என்றார். முற்றத்தைக் கடக்கும்போது ரேடியோ மாடி ஜன்னலில் நிற்பதைப் பார்த்தார். ரேடியோவும் இவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வாசலில், முன்னால் போன நால்வரையும் சேர்த்துக் காவலர் தலைகளை எண்ணினார். ஆறு, சரியாக இருந்தது. பிறகு இவர் காலைப் பார்த்தார்.

"என்ன, இவன் நொண்டுறான்?"

"விழுந்துட்டான்."

"எதுல இருந்து?"

"பெயிண்டரு எதுல இருந்து விழுவான்? ஏணில இருந்துதான்" என்றார் பெயிண்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கேட் திறந்தது. நகரத்துக்குள் நடந்தார்கள். ஏணி தூக்கிப் போகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதை அன்று இவர் கண்டுகொண்டார். எல்லோரும் ஏணியின் நுனி தங்கள் மண்டையில் படாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் இரண்டு பக்க வண்டிகளையும் நிறுத்தி வழிவிட்டார். தபால் நிலையம் தாண்டிய பிறகுதான் இவருக்குக் குரல் வந்தது. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று முன்னால் போகும் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"ஒம்போது நாள் ஏணிய ஆடாம பிடிச்ச. என் ஆளு ஒரு நாள்கூட அப்படிப் பிடிச்சதில்ல தம்பி" என்றது முதுகு. "கீழ வெச்சுறாத. நட."

அடுத்த வேலை போலீஸ் குடியிருப்பில். அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்பது பெயிண்டரின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் தேடிய போலீஸார், சாப்பிட வீட்டுக்கு வரும்போது இவர் பிடித்திருந்த ஏணியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் நாள் ஒரு போலீஸ்காரரின் மனைவி டீ கொடுத்தார். டம்ளர் கைதவறி டீ முழுவதும் சட்டையில் கொட்டியது. அதுவரை வராத பயம் அங்கே, டம்ளரைக் கையில் வாங்கியபோது வந்ததாம். பெயிண்டர் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் எல்லைப் பக்கம் போகும் சுண்ணாம்பு லாரி ஒன்றில் ஏற்றிவிட்டு, "வரட்டுமா" என்று இவர் கேட்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். அவர் பெயரைக் கேட்க மறந்தது இவருக்கு இன்றுவரை ஒரு குறை.

எல்லைக்கு முன்னால் ஒரு செங்கல் சூளையில் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் கிடந்தார். பிறகு நடந்தார், அந்தக் காலோடு நடந்தது எல்லாம் நடையா என்று அவரே சொல்வார். முப்பத்து மூன்றாம் நாள் காலையில் துணி துவைப்பவர்களோடு சேர்ந்து ஒரு ஓடையில் இறங்கி மறுகரையில் ஏறினார். நம் ராணுவத்தினர் துப்பாக்கியை நீட்டி அடையாளச் சொல் கேட்டார்கள். இவருக்குத் தெரிந்தது ஒன்பது மாதத்துக்கு முந்தைய அடையாளச் சொல். பிடித்து உள்ளே வைத்தார்கள்.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அரசிடமிருந்து அவருக்கு மூன்று தாள்கள் வந்திருந்தன. முதலாவது, உங்கள் கணவரைக் காணவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டாவது, அவர் முகாமில் நலம், காலில் மட்டும் எலும்பு முறிவு. மூன்றாவது, அவர் இப்போது முகாமில் இல்லை. "எங்க இல்லைன்னு மட்டும் எழுதறாங்க, எங்க இருக்காருன்னு எழுத மாட்டேங்கறாங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாராம். லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேசுவதா என்று கேட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எல்லைக் காவலில் ஒரு அதிகாரி மனமிரங்கி இவருக்கு ஒரே ஒரு போன் அனுமதித்தார். இவர், தாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நம்பரைக் கேட்டார். அழைப்பு எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தானே போக வேண்டும்?

"எந்த நம்பர் வேணும்?" என்றது குரல்.

இவர் நம்பரைச் சொன்னார்.

"அந்த வீட்டு மாடில இப்ப யாரும் இல்லைங்க. அந்தம்மா வேலைக்கு வந்திருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"ஷிப்டு ரெண்டு மணிக்கு முடியுது." பிறகு, "கால் எப்படி இருக்கு?"

"கோணலா இருக்கு. நடக்க முடியுது."

ஆபரேட்டர்கள் பணி நேரத்தில் சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது என்பது விதி. அவர்கள் அதற்கப்புறம் பெரும்பாலும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குரல் மறுபடியும் வந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கட்டுமா?"

"நீட்டிங்க" என்றார் என் மாமனார்.

என் மாமியார் இதைச் சொல்லும்போது அழுததில்லை. விதிப்படி அழைப்பை நீட்டித்ததாகப் பதிவு செய்தேன் என்று மட்டும் சொல்வார்.

ஆனால் இவரை வீட்டுக்கு விடவில்லை. தப்பி வந்தவரை விசாரிக்க மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். எதிரியே அனுப்பி வைத்திருக்கலாம் அல்லவா?

"ஏணியத் தூக்கிட்டு வாசல் வழியா வந்தேங்கறீங்க."

"ஆமா சார்."

"எத்தனை அடி ஏணி?"

"இருபது சார்."

"பட்டப்பகல்ல."

"வெள்ளை அடிக்கிறது பகல்லதான் சார்."

இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். எதிரி முகாமில் டீயாவது ஒழுங்காகக் கிடைத்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள், அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பேண்டு வாத்தியம் கேட்டது. பேச்சுவார்த்தை திடீரென்று முடிந்து, மிச்சம் நாற்பது கைதிகளும் சிறப்பு ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். பூச்செண்டு, மந்திரி, புகைப்படக்காரர்கள். பேசாமல் கட்டிலில் படுத்திருந்தாலும் அந்த வாரமே வீட்டுக்கு வந்திருப்பார், உட்கார்ந்த இருக்கையில், பேண்டு வாத்தியத்தோடு.

அவரைக் காப்பாற்றியது ரேடியோதான். விசாரணை நடப்பது தெரிந்ததும் யாரும் கூப்பிடாமலே சாட்சி சொல்லப் போனார். ஜன்னலில் இருந்து பார்த்ததை மதியம் ஒரு மணிக்குச் சொல்லத் தொடங்கினார். ஐந்து மணிக்கு அவர் கதையில் ஏணி இன்னும் முற்றத்தைக் கடக்கவில்லை. விசாரணைக் குழு ஃபைலை மூடிவிட்டது. "நம்புவது கடினம், பொய் என்பதற்கு ஆதாரமில்லை" என்று எழுதி என் மாமனாரை அனுப்பினார்கள்.

ஆனால் அந்த ரேடியோவுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. தப்பித்த அன்று மாலை தலை எண்ணும்போது, ஆள் கழிவறையில் இருக்கிறார் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பொய் இரண்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்தது. அதற்குத் தண்டனை, பத்து நாள் தனிமைச் சிறை. பேச ஆளில்லாமல் பத்து நாள். மற்ற எல்லோருக்கும் நான்கு வாரம் மாலை நடை கிடையாது. இதை நேரில் கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோ இவர் வீட்டுக்கு வந்தார். இவர் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தது ஊரிலிருந்து வந்திருந்த இவர் தங்கை. அண்ணன் வரும்வரை உட்காருங்கள் என்றார். அண்ணன் வர மூன்று மணி நேரமாயிற்று. அத்தனை நேரமும் ஒருவர் தன் பேச்சை முழுதாகக் கேட்டது ரேடியோவுக்கு அதுதான் முதல் தடவை. மறு வருடம் கல்யாணம். இப்படித்தான் அவர் என் மனைவிக்கு அத்தை வீட்டு மாமா ஆனார், குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் பத்து நாள் தனிமைச் சிறை கூடவே வந்தது.

கோணல் காலோடு மறுபடி விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. உதிரிபாகக் கிடங்கில் ஆறு வருடம் திருகாணி எண்ணினார். பிறகு வேலையை விட்டுவிட்டு ஒரு டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார். விமானத்தைக் குறிக்கும்படி பெயர் வைக்க வேண்டும் என்று ரேடியோ மாமா ஒற்றைக்காலில் நின்றார். இவர் "நிதானம் டிரைவிங் ஸ்கூல்" என்று போர்டு மாட்டினார். இரண்டு பக்கமும் பிரேக் உள்ள ஒரு சாம்பல் நிறக் கார். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் அதை யாரும் பார்த்ததில்லை. வங்கி மேனேஜர், நர்சு, கறிக்கடைக்காரர் என்று ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர் யார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. அவரிடம் கற்றும் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றவன் நான். மூன்றாவது முறைக்குள் ஆபீஸைப் பார்த்துக்கொண்ட அவர் மகளிடம் பேசப் பழகிவிட்டேன். லைசென்ஸும் கல்யாணமும் ஒரே வருடத்தில் கிடைத்தன.

கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பது டன் விமானம் ஓட்டிய ரேடியோ மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் பழக வந்தார். அவர் ஸ்டீயரிங்கில், என் மாமனார் பக்கத்தில், என் முறைக்காக நான் பின் சீட்டில். சிவப்பு விளக்கில் நின்றோம். அன்று ரேடியோ மாமா வீட்டிலிருந்து வந்தது முதல் அதிகம் பேசவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம், மச்சான்" என்றார் திடீரென்று. "பத்து நாள் உள்ள இருந்தது பெருசு இல்ல. என்கிட்ட சொல்லாம போனியே, அதான்."

என் மாமனார் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நீயும் வர்றேன்னு நின்னிருப்ப. ஏணிக்கு ரெண்டு முனைதான். வேண்டாம்னு உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல மாப்ள. பேசாம போறதுதான் சுலபமா இருந்துச்சு. அது தப்புதான். தப்புன்னு தினமும் தெரியுது."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ரேடியோ மாமா எதையோ மிதிக்க, கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"கிளட்ச்" என்றார் என் மாமனார்.

அதற்குப் பிறகும் விசேஷங்களில் தனிமைச் சிறை வரும். ஆனால் அதை ரேடியோ மாமா வேடிக்கையாகச் சொல்வார், என் மாமனாரும் எப்போதாவது ஒரு திருத்தம் சொல்வார்.

எழுபத்திரண்டு வயதில் கண்புரை வந்ததும் ஸ்கூலை மூடினார். சாம்பல் நிறக் காரை என் மாமியார் எடுத்துக்கொண்டார். முன்பே, ஐம்பத்தெட்டு வயதில், பதினோரே நாளில் ஓட்டக் கற்று முதல் தேர்விலேயே தேறியவர் அவர். முப்பது கிலோமீட்டர் விதி அவருக்குப் பொருந்தவில்லை. என் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் இருக்கும் இடத்தில் காலை வைத்துக்கொண்டு, ஆனால் மிதிக்காமல், ஊரைப் பார்த்துக்கொண்டே போவார்.

போன வருடம் என் மகள் வேலை கிடைத்துத் தூரத்து நகரத்துக்குப் போனாள். அவளைப் பார்க்க நாங்கள் நால்வரும் விமானத்தில் கிளம்பினோம். போருக்குப் பிறகு என் மாமனார் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. என் மனைவிக்குக் கவலை, எனக்கும்தான். பணிப்பெண் முன்னால் நின்று பெல்ட் போடுவது எப்படி, அவசரத்தில் எந்த வழியாக வெளியேறுவது என்றெல்லாம் சைகையில் காட்டினாள். விமானத்தில் யாரும் கவனிக்கவில்லை. என் மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். வெளியேறும் வழியைக் காட்டியபோது கழுத்தைத் திருப்பி அந்தக் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டார். ஜன்னல் சீட்டு அவருடையது. மேகம் பார்த்தது முழுக்க என் மாமியார்தான், அவர் மேல் சாய்ந்துகொண்டு.

இறங்கிய பிறகு பயணம் எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டாள்.

"சுமாரா இருந்துச்சு" என்றார். "டீ பரவாயில்ல."